ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தை மட்டும் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஹிட்லர் பிரிட்டனையும் பிரான்சையும் தொடாமல், சோவியத் ஒன்றியத்தோடு மட்டும் போருக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பாரா, மேற்கு நாடுகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்குமா என்பது கேள்வி. இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தாலே இதை யாராவது கேட்பார்கள். வழக்கமாகக் கிடைக்கும் பதில், "இரண்டு முனைகளில் சண்டை போட்டதுதான் அவர் செய்த தவறு, ஒரே முனையாக இருந்திருந்தால் மாஸ்கோ விழுந்திருக்கும்" என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1941 ஜூன் 22-ம் தேதி சோவியத் எல்லையைத் தாண்டிய ஜெர்மன் ராணுவம், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு வெற்றிகளாலும் கொள்ளையாலும் உருவான ராணுவம். மேற்குப் போரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், அந்த ராணுவத்தில் பெரும்பகுதியையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முதலில் 1939-ன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அன்று ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பொது எல்லையே கிடையாது. பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, போலந்து, ருமேனியா என்று வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரு வரிசை நாடுகள் நடுவில் நின்றன. ஜெர்மன் ராணுவம் மாஸ்கோவை நோக்கி நகர வேண்டுமென்றால் இவற்றில் ஒன்று வழி விட வேண்டும், அல்லது ஒன்றை மிதித்துக்கொண்டு போக வேண்டும். பால்டிக் நாடுகள் வழியாகப் போகலாமே என்றால், அது குறுகலான பாதை. தெற்கே போலந்து ராணுவம் பக்கவாட்டில் நிற்கும்போது எந்தத் தளபதியும் அந்த வழியில் பத்து லட்சம் பேரை அனுப்ப மாட்டார். ஆக, எல்லாம் போலந்தில் வந்து நிற்கிறது.

போலந்தைக் கூட்டாளியாக்கும் முயற்சி உண்மையிலேயே நடந்தது. பலருக்கு இது தெரிவதில்லை. 1934 ஜனவரியில் இரு நாடுகளும் போர் தொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. 1935 தொடக்கத்தில் ஹிட்லரின் நெருங்கிய சகாவான கோரிங் வேட்டைக்கு என்று போலந்தின் பியாவோவியேஜா காட்டுக்குப் போனார். அங்கே போலந்து அதிகாரிகளிடம், ரஷ்யாவுக்கு எதிராகச் சேர்ந்து நின்றால் உக்ரைனில் உங்களுக்குப் பங்கு உண்டு என்ற பாணியில் பேசிப் பார்த்தார். 1938 அக்டோபர் 24-ம் தேதி வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப், போலந்துத் தூதர் லிப்ஸ்கியிடம் வெளிப்படையாகவே கேட்டார். பால்டிக் கரையில் தனி நகரமாக இருந்த டான்சிக்கை ஜெர்மனியோடு சேர்க்க வேண்டும், போலந்தின் நிலத்தின் குறுக்கே ஜெர்மன் கட்டுப்பாட்டில் ஒரு நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் வேண்டும், கம்யூனிச எதிர்ப்பு ஒப்பந்தத்தில் போலந்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஜனவரியில் அவரே வார்சாவுக்குப் போய் மறுபடி கேட்டார். போலந்து மறுத்துவிட்டது.

ஏன் மறுத்தது என்பது முக்கியம். போலந்தின் மொத்த வெளியுறவுக் கொள்கையும், ஜெர்மனியிடமும் ரஷ்யாவிடமும் ஒரே தூரத்தில் நிற்பது என்பதுதான். ஜெர்மன் ராணுவம் ஒருமுறை உள்ளே வந்தால், ரஷ்யாவை ஜெயித்தாலும் தோற்றாலும், வெளியே போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1939 ஆகஸ்டில் பிரிட்டன், பிரான்ஸ் குழுக்கள் மாஸ்கோவில் சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வோரோஷிலோவோடு பேசிக்கொண்டிருந்தபோது, சோவியத் ராணுவமான செஞ்சேனை போலந்து வழியாக வரலாமா என்ற கேள்விக்கும் போலந்துக்காரர்கள் இதே காரணத்தால்தான் இல்லை என்றார்கள். இந்த அரசை 'கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கும்' என்று கற்பனை செய்வது அந்த மனிதர்களைப் புரிந்துகொள்ளாமல் செய்வது.

சரி, போலந்தை அடித்துவிட்டுப் போகலாம், ஆனால் பிரிட்டன் தலையிடாது என்று வைத்துக்கொண்டால்? அதற்கு 1939 மார்ச் 31-ல் பிரிட்டன் போலந்துக்குக் கொடுத்த உத்தரவாதம் நடக்காமல் இருந்திருக்க வேண்டும். அந்த உத்தரவாதம் வந்ததற்குக் காரணம், மார்ச் 15-ல் ஜெர்மன் படைகள் செக் தலைநகரான பிராகாவுக்குள் நுழைந்தது. செக் நாட்டின் எல்லைப் பகுதியோடு நிறுத்திக்கொள்வேன் என்று 1938 செப்டம்பரில் ம்யூனிக்கில் கொடுத்த வாக்கை ஆறு மாதத்துக்குள் ஹிட்லர் மீறியதும் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் அரசுக்கு வேறு வழியில்லாமல் போனது. அப்படியானால் பிராகாவைத் தொடாமல் விட்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் இந்தக் கற்பனை வரலாறு முதல்முறையாகப் பலமாக அடி வாங்குகிறது.

ஜெர்மனியின் கஜானா அப்போது காலி. ஆயுத உற்பத்திக்காக மெஃபோ என்ற பெயரில் விட்ட மறைமுகக் கடன் பத்திரங்கள் மட்டும் 1,200 கோடி மார்க். அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்தது. 1939 ஜனவரியில் மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட்டும் அவரோடு இருந்த இயக்குநர்களும் இப்படியே போனால் பணவீக்கம் கைமீறும் என்று ஹிட்லருக்கே எழுதினார்கள். அந்த மாதமே ஷாக்ட் பதவி இழந்தார். 1938-ல் ஆஸ்திரியாவின் தங்கம் வந்ததால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அடுத்த மூச்சு செக் நாட்டில் இருந்தது. தங்கம், ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலைகள், ஒரு முழு ராணுவத்தின் தளவாடங்கள் எல்லாம் சண்டையில்லாமல் கிடைத்தன. 1941-ல் சோவியத் மீது பாய்ந்த முதல் அலையில் இருந்த, டாங்கிப் படைப்பிரிவுகளான 17 பான்சர் டிவிஷன்களில் ஆறு, செக் டாங்கிகளை வைத்துத்தான் போரிட்டன. பிராகாவை விட்டுவிடு என்பது அந்த ஆறு டிவிஷன்களையும் விட்டுவிடு என்பதாகிறது.

பிரான்சுக்கும் இதே கணக்குதான். 1940-ல் தோற்ற பிரான்ஸ், ஆக்கிரமிப்புச் செலவு என்ற பெயரில் நாள் ஒன்றுக்கு 40 கோடி பிராங்க் கட்டியது. அதிலிருந்து வந்த லாரிகள், எரிபொருள் இருப்பு, ரயில் பெட்டிகள், மூலப்பொருட்கள் எல்லாம் கிழக்கே போயின. 1941-ல் ஜெர்மன் டிவிஷன்களில் பல பிரெஞ்சு லாரிகளில்தான் நகர்ந்தன. கூடவே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். அப்புறம், ஜெர்மனியும் சோவியத்தும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று 1939 ஆகஸ்ட் 23-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சோவியத்தே அனுப்பிய சரக்கு இருக்கிறது. சுமார் 9 லட்சம் டன் எண்ணெய்ப் பொருட்கள், சுமார் 15 லட்சம் டன் தானியம், அதோடு மாங்கனீசு, பாஸ்பேட். சோவியத்தைத் தாக்கிய ராணுவத்தின் ஒரு பகுதி சோவியத் எண்ணெயில் ஓடியது. நேராக சோவியத்தின் மேல் பாய்கிற ஜெர்மனிக்கு இது எதுவும் கிடைக்காது.

இப்போது 1939 அல்லது 1940-ல் சோவியத்தோடு மட்டும் மோதும் ஜெர்மனியைப் பாருங்கள். 1939 செப்டம்பரில் அதனிடம் இருந்த டாங்கிகளில் பெரும்பாலானவை பான்சர் 1, பான்சர் 2 என்ற இலகுரக வண்டிகள். உண்மையான போர் டாங்கி என்று சொல்லத்தக்க பான்சர் 3 சுமார் 100, பான்சர் 4 சுமார் 200. போலந்துடன் நடந்த ஒரு மாதப் போரிலேயே வெடிமருந்து இருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. இந்தப் படை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீளும் போரைத் தாங்கியிருக்காது.

எதிர்ப்பக்கமும் அப்போது பலவீனமாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சொந்த ராணுவத் தலைமைக்குள்ளேயே நடத்திய 1937-38 களையெடுப்பில் ஐந்து மார்ஷல்களில் மூவரை ஸ்டாலின் அழித்துவிட்டார். 1939 நவம்பரில் பின்லாந்தின் மேல் பாய்ந்த செஞ்சேனை, மூன்றரை மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. டி-34 டாங்கி 1940-ல்தான் உற்பத்திக்கு வந்தது. பழைய சோவியத் எல்லையிலிருந்து மின்ஸ்க் கூப்பிடு தூரம். ஜெர்மானியர்கள் போலந்தின் கிழக்கு ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால், 1941-ல் கடந்த தூரத்தில் முந்நூறு கிலோமீட்டர் மிச்சமாகியிருக்கும். இதையெல்லாம் வைத்துத்தான் சிலர் 1939-ல் தாக்கியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும் என்கிறார்கள். ஆனால் அதே 1939 ஆகஸ்டில், மங்கோலிய எல்லையில் கால்கின் கோல் ஆற்றங்கரையில் சோவியத் தளபதி ஜுக்கோவ் ஒரு ஜப்பானியப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார். நல்ல தளபதியும் சரக்கும் இருந்த இடத்தில் அதே செஞ்சேனை நன்றாகவே சண்டை போட்டது. பழைய எல்லையில் ஸ்டாலின் கோடு என்று அழைக்கப்பட்ட கோட்டை வரிசையும் அப்போது முழுதாக இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்த பிறகுதான் அதன் ஆயுதங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் முதுகுப்பக்கம். பிரான்ஸ் என்ற நாடு சுமார் 90 டிவிஷன் திரட்டக்கூடிய ராணுவத்தோடு ரைன் நதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. 1935 மே மாதம் சோவியத்தோடு பரஸ்பர உதவி ஒப்பந்தமும் போட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை பாரிஸ் எந்த அளவுக்கு மதித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் தன் முழு ராணுவத்தையும் ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே அனுப்பிவிட்டு, அந்தச் சந்தேகத்தை நம்பி நிம்மதியாக இருக்க ஹிட்லரால் முடியாது. இதை அவரே சொல்லியிருக்கிறார். 1939 நவம்பர் 23-ம் தேதி தளபதிகள் கூட்டத்தில், மேற்கில் கைகள் விடுபட்ட பிறகுதான் ரஷ்யாவை எதிர்க்க முடியும் என்றார். அதற்கும் இரண்டு வருடம் முன்பு, 1937 நவம்பர் 5 கூட்டத்திலேயே, வெறுப்பு நிறைந்த இரண்டு எதிரிகள் என்று பிரிட்டனையும் பிரான்சையும்தான் குறிப்பிட்டார். 1920-களில் எழுதிய நூலில் கிழக்கே நிலம் பிடிப்பதுதான் லட்சியம் என்றவர், அதற்கு முன் பிரான்சை ஒடுக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். கிழக்கு மட்டும் போதும் என்ற ஹிட்லர் எந்த ஆவணத்திலும் இல்லை.

எண்ணெயையும் பார்த்துவிட வேண்டும். 1938-ல் ஜெர்மனி செலவழித்த எண்ணெய் சுமார் 4.4 கோடி பீப்பாய். அதில் 2.8 கோடி பீப்பாய் கடல் வழியாக வந்தது. மேற்கோடு சமாதானம் இருந்தால் இந்த வழி திறந்திருக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு டாலரோ பவுண்டோ கொடுக்க வேண்டும், கஜானாவில் அது இல்லை. எண்ணெயை எடுப்பதும் கப்பலில் ஏற்றுவதும் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ், டச்சு நிறுவனங்கள். அதாவது நடுநிலை வகிக்கும் மேற்கு நாடுகள், ஒரு துப்பாக்கிக் குண்டும் சுடாமல், ஜெர்மனியின் போர் எவ்வளவு நாள் ஓட வேண்டும் என்பதைக் குழாயைத் திருகித் தீர்மானிக்கலாம்.

அப்படித் தீர்மானித்திருப்பார்களா? தொடக்கத்தில் வேடிக்கை பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சேம்பர்லினுக்கு ரஷ்யா மேல் துளியும் நம்பிக்கை கிடையாது, 1939 மார்ச்சில் தனிப்பட்ட கடிதத்திலேயே அதை எழுதியிருக்கிறார். 1941 ஜூனில், அப்போது செனட்டராக இருந்த ட்ரூமன் சொன்னது பலர் மனதில் இருந்ததுதான்: ஜெர்மனி ஜெயிப்பது போல இருந்தால் ரஷ்யாவுக்கு உதவுவோம், ரஷ்யா ஜெயிப்பது போல இருந்தால் ஜெர்மனிக்கு உதவுவோம். ஆனால் அந்தப் பேச்சிலேயே பதில் இருக்கிறது. ஜெர்மனி ஜெயிக்கத் தொடங்கிய கணமே மேற்கின் கணக்கு மாறும். ஐரோப்பாக் கண்டத்தை ஒரே வல்லரசு ஆளக் கூடாது என்பது நெப்போலியனுக்கும் முந்தைய பிரிட்டிஷ் கொள்கை. அந்த இடைவெளியில் அவர்கள் சும்மாவும் இருக்க மாட்டார்கள். 1940-லேயே பிரிட்டன் ஜெர்மனியை விட அதிக விமானங்களைத் தயாரித்தது. குண்டுவீச்சே இல்லாத, கப்பல் மூழ்காத பிரிட்டன் இன்னும் வேகமாகத் தயாரித்திருக்கும்.

ஆக, 1939 வடிவத்துக்கு என் பதில்: மாஸ்கோவுக்கு மேற்கே ஸ்மோலென்ஸ்க் அருகே எங்கோ சிக்கிக்கொள்ளும் ஒரு ஜெர்மனி, அதன் முதுகில் ஆயுதம் குவிக்கும் இரண்டு நாடுகள். 1940-ல் பிரான்சை ஆறு வாரத்தில் வீழ்த்தியது போன்ற ஒரு வாய்ப்பு அதற்கப்புறம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

கேள்வியின் பலமான வடிவம் வேறு. பிரான்ஸ் விழுந்த பிறகு பிரிட்டன் சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் என்ன? இது வெறும் கற்பனை கிடையாது. 1940 மே 26 முதல் 28 வரை லண்டனில் போர் அமைச்சரவை இதைத்தான் விவாதித்தது. இத்தாலி வழியாக நிபந்தனைகளைக் கேட்டாவது பார்ப்போம் என்றார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். சர்ச்சில் விடாப்பிடியாக மறுத்தார். சர்ச்சில் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கட்சியே முழுதாக அவர் பின்னால் இல்லை. ஜூலை 19-ல் ஹிட்லர் நாடாளுமன்றத்தில் சமாதான அழைப்பு விடுத்தார். மூன்று நாள் கழித்து வானொலியில் அதை நிராகரித்தது அதே ஹாலிஃபாக்ஸ். ஜூலை 31-ல் ஹிட்லர் தன் மலை வீட்டில் தளபதிகளிடம், பிரிட்டனின் நம்பிக்கையே ரஷ்யாவும் அமெரிக்காவும்தான், ரஷ்யா நொறுங்கினால் அந்த நம்பிக்கை போய்விடும் என்றார். தரைப்படையின் தலைமைப் பணியகத் தலைவர் ஹால்டரின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது.

பிரிட்டன் சமாதானமாகியிருந்தால் 1941-ல் என்ன மாறியிருக்கும்? பலரும் நினைப்பதைவிடக் குறைவு. 1941 ஜூனில் மேற்கிலும் நார்வேயிலும் ஐம்பது டிவிஷன் போல ஜெர்மனி விட்டுவைத்திருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் தரக் காவல் படைகள். நல்ல படைகள் எல்லாம் ஏற்கெனவே கிழக்கில்தான் இருந்தன. விமானப்படைக்குத்தான் உண்மையான லாபம். பிரான்சிலும் பிரிட்டன் வானிலுமாகச் சுமார் 3,000 விமானங்களை அது இழந்திருந்தது. 1940 மே மாதம் 1,700 குண்டுவீச்சு விமானம் வைத்திருந்த படை, சோவியத்தைத் தாக்கும்போது 1,500 வைத்திருந்தது. யுகோஸ்லாவியா, கிரீஸ் படையெடுப்புகளால் சில வாரங்கள் தாமதமானதுதான் மாஸ்கோவைக் காப்பாற்றியது என்ற பழைய வாதத்தில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அந்த வசந்தத்தில் மழை அதிகம், எல்லை ஆறுகள் வெள்ளத்தில் இருந்தன. மே மாதமே கிளம்பியிருந்தால் தொடக்கமே சேற்றில் நடந்திருக்கும்.

1941-ல் ஜெர்மனியை நிறுத்தியது ஆள் பற்றாக்குறை என்பதை விட, சரக்கு போய்ச் சேராததுதான். ஜெர்மன் லாரிப் படை எல்லையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வரைதான் ஒழுங்காகச் சரக்குக் கொண்டுபோக முடியும். அதற்கப்புறம் ரயில்தான் கதி. சோவியத் தண்டவாளம் 1,524 மில்லிமீட்டர் அகலம், ஜெர்மன் தண்டவாளம் 1,435. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தைக் கழற்றி நகர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். அதை முடித்தாலும், சோவியத் எஞ்சின்கள் பெரியவை என்பதால் தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் தூரம் தூரமாக இருந்தன. ஜெர்மன் எஞ்சின்களுக்கு அந்த இடைவெளி தாங்கவில்லை. குளிர் வந்ததும் வெளிப்பக்கமாகக் குழாய் ஓடிய ஜெர்மன் எஞ்சின்கள் உறைந்து வெடித்தன. இந்தப் பாதையில் இன்னும் இருபது டிவிஷன்களை அனுப்பியிருந்தால், ஏற்கெனவே போதாத தீனியைப் பங்கு போட இன்னும் இருபது வாய் வந்திருக்கும்.

மறுபக்கம், ஆகஸ்ட் 11-ம் தேதி ஹால்டர் எழுதியதைப் படித்தால் அவருடைய திகைப்பு புரியும். சுமார் 200 எதிரி டிவிஷன் இருக்கும் என்று கணக்குப் போட்டோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம் என்கிறார். ஜூலை முதல் நவம்பர் வரை 1,523 தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி யூரல் மலைப்பக்கமும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனார்கள் சோவியத் மக்கள். இதற்கெல்லாம் மேற்கு நாடுகளின் உதவி ஒரு முக்கியக் காரணமாக இல்லை. மாஸ்கோ முன்னால் சில பிரிட்டிஷ் டாங்கிகள் நின்றன, அது உதவிதான். ஆனால் டிசம்பர் 5-ல் தொடங்கிய எதிர்த்தாக்குதலின் சுமையைத் தாங்கியது சோவியத்தின் சொந்த ஆட்களும் சொந்த ஆயுதங்களும்தான். பிரிட்டன் விலகியிருந்தாலும் 1941 டிசம்பரில் போர்முனை ஏறத்தாழ அதே இடத்தில்தான் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

கணக்கு மாறுவது 1942-க்குப் பிறகு. இங்கே மேற்குப் போரின் பங்கைக் குறைத்துப் பேசுகிறவர்களோடும் நான் சண்டை போடுவேன். ஜெர்மன் ஆயுத உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் விமானத் துறைக்குப் போனது. 1943 இறுதியில் அதன் போர் விமானங்களில் பெரும்பாலானவை சொந்த நாட்டு வானத்தைக் காத்துக்கொண்டிருந்தன, ரஷ்ய வானத்தில் இல்லை. டாங்கிகளைத் துளைக்க வல்ல 88 மில்லிமீட்டர் வகையைச் சேர்ந்த கனரக விமான எதிர்ப்புப் பீரங்கிகள் 10,000-க்கும் மேல் ஜெர்மன் நகரங்களைச் சுற்றி வானத்தைப் பார்த்து நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் கட்டப்பட்டன. அந்த எஃகு முழுவதும் கடல் போருக்குப் போனது. ஸ்டாலின்கிராட்டில் சிக்கிய படைக்கு விமானத்தில் உணவு போட வேண்டிய அதே வாரங்களில், நூற்றுக்கணக்கான போக்குவரத்து விமானங்கள் துனிசியாவுக்குப் பறந்துகொண்டிருந்தன. அந்தத் துனிசியாவில் 1943 மே மாதம் சுமார் இரண்டரை லட்சம் பேர் சரணடைந்தார்கள்.

அப்புறம் அமெரிக்கா நேச நாடுகளுக்குத் தளவாடங்களும் சரக்கும் கொடுத்த லெண்ட்-லீஸ் உதவி. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் ஜீப்புகளும், 1,900-க்கும் மேற்பட்ட ரயில் எஞ்சின்கள், 40 லட்சம் டன்னுக்கு மேல் உணவு, விமான பெட்ரோல், வெடிமருந்து. ரயில் எஞ்சின் வேலையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு டாங்கி வேலையில் சோவியத் தொழிற்சாலைகள் இறங்க முடிந்ததற்கு இதுவும் காரணம். 1943 நவம்பரில் தெஹ்ரானில், இந்த இயந்திரங்கள் இல்லாவிட்டால் போரில் தோற்றிருப்போம் என்று ஸ்டாலினே சொன்னார். இந்தச் சரக்கு வந்த வழிகளில் ஒன்று ஈரான். அந்த வழி திறந்ததே 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத்தும் சேர்ந்து ஈரானுக்குள் நுழைந்ததால். நுழைந்த படைகளில் இந்திய டிவிஷன்கள் இருந்தன. அந்தச் சரக்குப் பாதையில் வேலை செய்த இந்திய ராணுவத்தினர் இருவருக்குச் சோவியத் அரசு செந்நட்சத்திர விருது கொடுத்தது, அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். பிரிட்டன் போரில் இல்லை என்றால் இந்தப் பாதை இல்லை. ஆர்க்டிக் கடல் வழியாகச் சரக்குக் கொண்டுவந்த கப்பல் வரிசையும் இல்லை. மிச்சம் விளாதிவோஸ்தோக் துறைமுகம் மட்டும். அது ஜப்பானின் தயவில் இருக்கும்.

ஜப்பான் என்ன செய்திருக்கும் என்பது இந்தக் கேள்வியில் யாரும் கவனிக்காத மூலை. அது 1941-ல் தெற்கே பாய்ந்ததற்குக் காரணமே, ஜெர்மனி பிரான்சையும் ஹாலந்தையும் வீழ்த்தியதால் அவற்றின் ஆசியக் காலனிகள் காவலில்லாமல் நின்றது. மேற்கில் போரே நடக்காத உலகில் அந்த வாய்ப்பு இல்லை. கால்கின் கோல் அடி மறக்காவிட்டாலும், ஜெர்மனி மாஸ்கோவை நெருங்கும் நேரத்தில் சைபீரியா பக்கம் கண் திரும்பியிருக்கலாம். பிரிட்டன் மட்டும் சமாதானமான உலகில் நிலைமை இன்னும் குழப்பமானது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் கடற்படை முழு பலத்தோடு நிற்கும் என்பதால் ஜப்பான் தயங்கியிருக்கும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இரண்டாவது வடிவத்தில் செஞ்சேனை 1945-ல் பெர்லினுக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். அதே நேரம் ஜெர்மனி முழு வெற்றி பெற்றிருக்கும் என்றும் நான் நம்பவில்லை. அதன் திட்டமே ஆர்க்காங்கெல்ஸ்க்கிலிருந்து அஸ்த்ரகான் வரை ஒரு கோடு போட்டு அங்கே நின்றுகொள்வதுதான். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யூரல் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றை அடிக்க நெடுந்தூர குண்டுவீச்சு விமானப் படை ஜெர்மனியிடம் கிடையாது. நீப்பர் நதிக்கும் வோல்காவுக்கும் நடுவில் எங்கோ, வருடக்கணக்கில் முடியாத ஒரு ரத்தப்போக்கு. எனக்குத் தெரிவது அதுதான்.

அந்த வருடங்களை யார் எங்கே கழித்திருப்பார்கள் என்பதை இந்தக் கேள்வி கேட்பவர்கள் யோசிப்பதே இல்லை, அதுதான் என்னைப் படுத்துகிறது. ஜெர்மனி கிழக்கே போனது கம்யூனிசத்தை ஒழிக்க மட்டும் இல்லை. 1941 மே 2-ம் தேதி பெர்லினில் கூடிய அரசுச் செயலாளர்கள், நமக்குத் தேவையானதை அந்த நாட்டிலிருந்து எடுத்தால் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். பிரிட்டனின் கடல் முற்றுகை இருந்ததால்தான் அந்தத் திட்டம் வந்தது, மேற்கோடு சமாதானம் இருந்தால் பட்டினி போட வேண்டிய தேவை இருந்திருக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. கிழக்கு ஐரோப்பியர்களைக் கோடிக்கணக்கில் அப்புறப்படுத்தி அங்கே ஜெர்மானியரைக் குடியேற்றும் பெருந்திட்டத்துக்கும் முற்றுகைக்கும் சம்பந்தமில்லை. பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேரில் சுமார் 33 லட்சம் பேர் செத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் 1942 பிப்ரவரிக்குள்ளேயே, போரின் முதல் எட்டு மாதங்களில் செத்தார்கள். கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டார்கள். அப்போது அமெரிக்கா போரிலேயே இல்லை. பெலாரசில் போர் முடிந்தபோது நான்கில் ஒருவர் உயிரோடு இல்லை. அங்கே ஆக்கிரமிப்பு நீடித்தது மூன்று ஆண்டு. நான் மேலே சொன்ன முடியாத போரில் அது ஆறு, ஏழு ஆண்டாக இருந்திருக்கும்.

கூட்டாளியாக இருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதும் நடக்கவில்லை. ஹங்கேரி ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்துக்கு எதிராகப் போரிட்ட நாடு. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை அந்தக் கூட்டாளியின் நாட்டுக்குள்ளேயே நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரையான எட்டு வாரங்களில் சுமார் 4.3 லட்சம் யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்சுக்கு. 1938 அக்டோபரில் ரிப்பன்ட்ராப் நீட்டிய கையை லிப்ஸ்கியின் அரசு பிடித்திருந்தாலும், போலந்தில் வாழ்ந்த சுமார் 33 லட்சம் யூதர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.